டோக்கன் நம்பர் 4127

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லால் பாஷாவின் வேலை போனதற்கு யார் யார் காரணம் என்று எழுதினால் அதில் முதல் பேர் என்னுடையது. மற்றவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல, அதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் என்னை விட்டுவிட்டு மற்றவர்களைத் திட்டினால் அது யோக்கியமில்லை.

என் பேர் தங்கதுரை. சொந்த ஊர் கோவில்பட்டி. எண்பத்து மூன்றிலிருந்து ஓசூரில், மூக்கண்டப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். கம்பெனி பேர் வேண்டாம். மெஷின் பாகங்கள் கடைந்து அனுப்பும் கம்பெனி, ஆயிரத்து அறுநூறு பேர் வேலை, மூன்று ஷிப்ட் என்ற அளவில் தெரிந்தால் போதும். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்த ஷிப்ட் என்று பார்ப்பது என் வேலை. கம்பெனிக்கு வரும் தபாலும் கேட்டிலிருந்து நேராக என் மேசைக்குத்தான் வரும்.

எங்கள் கம்பெனியில் ஆளுக்குப் பேர் என்பது இரண்டாம்பட்சம். சேருகிற அன்றே ஒரு டோக்கன் நம்பர் கொடுத்துவிடுவோம். சட்டைப் பையில், லாக்கரில், கேன்டீன் கூப்பனில், டூல் ரூமில் கொடுத்து வாங்கும் பித்தளை வில்லையில், எல்லாவற்றிலும் அந்த நம்பர்தான். மூர்த்தி என்று கூப்பிட்டால் ஒன்பது பேர் திரும்புவார்கள். நம்பரைச் சொன்னால் ஒருத்தர்தான் திரும்புவார். லீவ் லெட்டரில் கையெழுத்துப் போட்டால் அதன் கீழே கை தானாக நம்பரையும் எழுதிவிடும். என் மகனுடைய ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டு, கீழே நம்பரையும் எழுதி அனுப்பி, வாத்தியாரிடம் பேச்சு வாங்கியவன் நான்.

எனக்கு ஒரு பெருமை உண்டு. ரெஜிஸ்டரைத் தொடாமல் எந்த நம்பர் யாருடையது என்று சொல்லிவிடுவேன். வெளியாள் யாராவது வந்தால் மேனேஜர்கள் என்னைக் காட்டி, "இவரைக் கேட்டுப் பாருங்க" என்பார்கள். நானும் சர்க்கஸ்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லுவேன். அந்தத் திமிரை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

லால் பாஷாவின் நம்பர் 4127. டர்னிங் ஷாப். லேத்தில் வேலை. மத்தூர்க்காரர். அப்பா புளி வியாபாரம் செய்து இறந்துபோனவர். அம்மா சுக்ராவை அழைத்து வந்து மூக்கண்டப்பள்ளியில் இரண்டு அறை வீட்டில் வைத்திருந்தார். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஆளைப் பார்த்தால் கோபமே வராதவர் போல இருப்பார், நாம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அவர் நாலு முறை "சரிங்க" சொல்லிவிடுவார். ஷாப்பில் ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகாத கை அவருடையது.

தொண்ணூற்று இரண்டில் ஒரு சனிக்கிழமை ஓசூர் போஸ்ட் ஆபீசில் அவரைப் பார்த்தேன். கவுன்ட்டரில் நின்று ஐந்து ஏரோகிராம் கேட்டுக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்கு அனுப்பும் நீலக் கடிதம் அது.

"என்ன பாய், துபாய்ல யாரு இருக்கா?" என்றேன்.

"துபாய் இல்லீங்க அண்ணாச்சி. ஒரு மந்திரிக்கு எழுதறன்."

விளையாட்டு என்று நினைத்தேன். ஏற்கெனவே எழுதி முடித்த ஒன்றைக் காட்டினார். அகராதியை வைத்துக்கொண்டு எழுதிய இங்கிலீஷ். ஏதோ ஒரு தூர நாடு, பேரைச் சொன்னால் எனக்கு நாக்கு சுளுக்கும். அங்கே இரண்டு பேரை ஜெயிலில் போட்டிருக்கிறார்களாம். அவர்களை விடுதலை செய்யச் சொல்லி உலகம் முழுக்க இருந்து ஆட்கள் அந்த நாட்டுச் சட்ட மந்திரிக்குக் கடிதம் போடுகிறார்களாம். கடிதத்தில் அந்த இரண்டு பேரின் பேரும் ஊரும் அழகாக எழுதியிருந்தது. கடைசியில் லால் பாஷா கையெழுத்து, அதற்குக் கீழே டோக்கன் நம்பர் 4127.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மந்திரி நம்ம டைம் ஆபீசுக்குப் போன் போட்டு விசாரிப்பாரோ?"

அவரும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கை எழுதிடுதுங்க. நான் எழுதல."

"அவங்க ரெண்டு பேரும் என்ன தப்பு பண்ணாங்க?"

"ஒண்ணாக் குடும்பம் நடத்துனாங்க. ரெண்டு பேரும் ஆம்பளைங்க."

"சரி, அதுக்கு ஓசூர்ல இருந்து நீங்க ஏன் எழுதணும்?"

"நானும் அந்த மாதிரிதான் அண்ணாச்சி," என்றார். அடுத்த வாரம் பி ஷிப்ட் என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

அன்றைக்கு நான் நடந்துகொண்டதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். பத்து நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் கார்டில் முத்திரை போட்டேன். அவர் ஒவ்வொரு நாளும் ஜன்னலுக்கு வந்து "வணக்கங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினோராம் நாள் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. அந்த மனுஷன் என்னிடம் எதையும் கேட்கவில்லை, உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான். "டீ குடிக்க வர்றீங்களா பாய்?" என்றேன். "சரிங்க" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் தெரிந்தது. பெங்களூரில் இவர்களைப் போன்றவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வாடகை அறையில் கூடுவார்கள். சங்கம் என்று பதிவு செய்யவில்லை, வட்டம் என்பார்கள். வக்கீல், வாத்தியார், கம்ப்யூட்டர் படித்தவர் என்று எல்லாம் இங்கிலீஷ் பேசுகிற கூட்டம். தலைவர் மாதிரி இருந்தவர் பொன்னப்பா, குடகுக்காரர், காலேஜில் பாடம் நடத்துபவர். அந்த வட்டத்துக்குத் தமிழில் வரும் கடிதங்களைப் படிக்க அங்கே ஆளில்லை, மூட்டையாகக் கிடந்தன. லால் பாஷா போன முதல் ஞாயிறே அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சம்பளமில்லை, படியில்லை, பஸ் டிக்கெட்கூட அவர் கைக்காசு. அதன் பிறகு ஓசூர் போஸ்ட் ஆபீசிலேயே ஒரு தபால் பெட்டி எடுத்தார். சேலம், தருமபுரி, ஆம்பூர் என்று எங்கிருந்தெல்லாமோ கடிதம் வரும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கைப்பட பதில் எழுதுவார்.

எங்கள் பக்கம் இந்த விஷயத்துக்கு இருந்த வார்த்தையெல்லாம் வசவுதான். அதனால் அவர் பதிலில் "நம்மைப் போன்றவர்கள்" என்றே எழுதுவார். பாரூரிலிருந்து ஒரு கரும்பு விவசாயி எழுதுவார், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. முதல் கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி: இது நோயா? லால் பாஷா "இல்லை" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த மனிதர் அதைப் பற்றி எழுதவேயில்லை. மாதம் தவறாமல், ஏரியில் தண்ணீர் எவ்வளவு, கால்வாய் எப்போது திறந்தார்கள், கரும்பு வெட்ட ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்ததா என்று எழுதுவார். லால் பாஷாவும் விடாமல் அதற்குப் பதில் எழுதுவார். "அவருக்கு எழுதறதுக்கு ஒரு ஆள் வேணும் அண்ணாச்சி, வேற ஒண்ணும் வேணாம்" என்பார். யார் பேரையும் அவர் என்னிடம் சொன்னதில்லை. ஊரைத்தான் சொல்லுவார்.

தொண்ணூற்று நாலில் 377-ஆம் பிரிவை நீக்கச் சொல்லி வட்டம் கையெழுத்து வாங்கியது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம், இரண்டு ஆண்கள் சேர்ந்திருந்தால் ஜெயில் என்று சொல்லும் சட்டம். லால் பாஷா எங்கள் கம்பெனியிலேயே பதினொரு கையெழுத்து வாங்கிவிட்டார். அதில் ஒன்று என்னுடையது. விஷயம் புரிந்து போட்டவர்கள் மூன்று பேர் இருப்போம், மீதிப் பேர் லால் பாஷா கேட்டாரே என்று போட்டார்கள். பதினொரு பேரும் பழக்கத்தில் கீழே டோக்கன் நம்பரையும் எழுதியிருந்தோம்.

அந்தத் தாளைப் பார்த்துவிட்டு இதெல்லாம் என்ன நம்பர் என்று பொன்னப்பா கேட்டிருக்கிறார். லால் பாஷா விளக்கியிருக்கிறார். "ஐயோ, இது பேரைவிட மோசமாச்சே, யார் வேணும்னாலும் கண்டுபிடிச்சிடுவாங்களே" என்று பொன்னப்பாவே பேனா எடுத்துப் பதினொரு நம்பரையும் கறுப்பாக அடித்தாராம். "எவ்ளோ அக்கறைங்க அவருக்கு" என்று லால் பாஷா என்னிடம் வந்து மெச்சிக்கொண்டார். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னப்பாவுக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

அந்த வருஷக் கடைசியில் வெளிநாட்டுச் சங்கம் ஒன்று, ஏரோகிராம் போடச் சொல்லும் அதே ஆட்கள், ஒரு பெரிய மாநாட்டுக்குப் புத்தகம் தயாரித்தார்கள். ஏழை நாடுகளில் கூலி வேலை, ஃபேக்டரி வேலை செய்கிற இவர்களைப் போன்றவர்களின் வாழ்க்கை, அவரவர் வாயால். பொன்னப்பா லால் பாஷாவைக் கேட்டார். லால் பாஷா தயங்கினார். அம்மாவுக்குத் தெரியாது, கம்பெனிக்குத் தெரியாது, மத்தூரில் சொந்தபந்தம் யாருக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு நிபந்தனை சொன்னார். என் பேர் வரக்கூடாது, இந்தியாவில் எந்தப் பேப்பரிலும் வரக்கூடாது. பொன்னப்பா அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார்.

லால் பாஷா ஒன்பது பக்கம் தமிழில் எழுதி, பொன்னப்பா முன்னால் உட்கார்ந்து வாசித்தார், அவர் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். ஒன்பதாம் பக்கக் கடைசியில் பழக்கப்படி கையெழுத்து, கீழே 4127. பேரை அடிக்கச் சொன்னார் லால் பாஷா. அடித்தார்கள். நம்பரைப் பற்றி அவர் தனியாகச் சொல்லவில்லை. போன தடவை தானே அடித்தவர் இந்தத் தடவையும் அடிப்பார் என்று நம்பினார். நம்பியது ஒரு குற்றமா?

தொண்ணூற்று ஐந்து மார்ச், ஒரு திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு இன்டர்காம் அடித்தது. பர்சனல் மேனேஜர். "தங்கதுரை, 4127 யாரு?"

"லால் பாஷா சார். டர்னிங் ஷாப். இந்த வாரம் ஏ ஷிப்ட். உள்ளதான் இருக்காரு சார்," என்றேன். மூச்சுவிடாமல் சொன்னேன். எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கக்கூட இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. "வெரி குட்" என்று போனை வைத்தார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பர்சனல் மேனேஜர் பெங்களூரிலிருந்து தினமும் காரில் வருபவர். ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் பேப்பரில் முக்கால் பக்கத்துக்கு அந்தப் புத்தகத்திலிருந்து பகுதிகள் வந்திருந்தன. நடுவில் பெரிய எழுத்தில் தலைப்பு: "நான் 4127." ஓசூரில் மெஷின் பாகங்கள் செய்யும் ஃபேக்டரி, லேத் வேலை, புளி வியாபாரியின் மகன், எல்லாம் இருந்தது. வெளிநாட்டில் புத்தகம் போட்டவர்களுக்கு அந்த நம்பர் ரொம்பப் பிடித்துவிட்டதாம். மனிதனை நம்பராக்கிவிட்டார்கள் பார் என்று படிக்கிறவர்களுக்கு உறைக்குமாம். பேப்பருக்குக் கொடுத்தது பொன்னப்பா.

மேனேஜர் லால் பாஷாவைக் கூப்பிட்டுப் பேப்பரைக் காட்டினார். லால் பாஷா அது நானில்லை என்றார். மேனேஜர் ஒன்றும் ராட்சசன் இல்லை. நல்ல வேலைக்காரரை இழக்க அவருக்கும் மனசில்லை. ஆனால் பேப்பரைப் படித்த டைரக்டர், இவனை வெளியே அனுப்பு என்று போனில் சொல்லிவிட்டார். மேனேஜர் ஒரு வழி சொன்னார். "இதைப் போட்டவங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. அந்த நம்பர் சும்மா கற்பனையாப் போட்டது, நிஜ ஆளோட நம்பர் இல்லைன்னு எழுதியிருக்கணும். சனிக்கிழமைக்குள்ள வந்தா ஃபைலை மூடிடறேன். வரலைன்னா விசாரணை, உங்கம்மாவுக்கு, உங்க ஜமாத்துக்கு, எல்லாருக்கும் தெரியும்படி ஆயிடும்."

லால் பாஷா நேராக என் ஜன்னலுக்கு வந்தார். நடந்ததைச் சொன்னார். அப்போதுதான் எனக்குக் காலையில் வந்த போன் எதற்கென்று புரிந்தது. "பாய், நான்தான் சொன்னேன்" என்றேன். தெரியல சார், ரெஜிஸ்டர் பார்த்துச் சொல்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் ஏதாவது செய்திருக்கலாம். ரிட்டயர் ஆனவர் நம்பர் என்று காட்டியிருக்கலாம். அவர் என்னைத் திட்டவில்லை. "உங்க வேலை அதானுங்க அண்ணாச்சி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

புதன்கிழமை நான் லீவு போட்டுவிட்டு அவரோடு பெங்களூர் போனேன். அத்திப்பள்ளி தாண்டும்போது அவர் முகம் தெளிவாக இருந்தது. ஒரே ஒரு கடிதம்தானே, அரைப் பக்கம், பொன்னப்பா எழுதிக் கொடுத்துவிடுவார் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பொன்னப்பா எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். நம்பர் விஷயம் மறந்துபோச்சு, தப்புதான், மன்னிச்சிடு என்று லால் பாஷாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியது. ஆனால் கடிதம் என்றதும் கையை எடுத்துவிட்டார். அந்தப் புத்தகத்தில் நாற்பது பேர் சொன்னது இருக்கிறதாம். அதில் ஒன்று கற்பனை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், மீதி முப்பத்தொன்பதும் கற்பனை என்று எதிரிகள் சொல்லுவார்களாம். இவர்கள் எல்லாம் பொய்யர்கள், இப்படி ஆட்களே இந்த நாட்டில் கிடையாது என்று சொல்ல ஊரே காத்திருக்கிறதாம். போராட்டத்தையே அது கொன்றுவிடுமாம். இதையெல்லாம் அவர் பாதி இங்கிலீஷும் பாதி பெங்களூர்த் தமிழுமாகச் சொன்னார்.

"ஒரு கடுதாசிங்க," என்றார் லால் பாஷா. "நான் எத்தினி எழுதியிருக்கேன்."

"நாங்க உன்னை விட்டுட மாட்டோம் லால். உனக்காக உலகம் பூரா லெட்டர் கேம்பெய்ன் பண்ணுவோம். கம்பெனி நடுங்கிடும்."

"வேணாங்க. என் பேரை மட்டும் எங்கயும் சொல்லாதீங்க. அது ஒண்ணு செய்ங்க."

பொன்னப்பா தலையாட்டினார். ஆட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் எனக்குப் பொறுக்கவில்லை. "வாக்குக் குடுத்து எழுதி வாங்கிட்டு, ஊரு சிரிக்கும்படி பேப்பர்ல போட்டுட்டு, இப்ப உண்மை பேசுறீரோ?" என்று கோவில்பட்டித் தமிழில் ஆரம்பித்தேன், அதற்கு மேல் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. லால் பாஷாதான் என்னை வெளியே இழுத்து வந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "அவரு சொல்றதும் சரிதான அண்ணாச்சி, நான் கேட்டது பொய்தான?" எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. நாற்பது பேருக்காக ஒருத்தரைக் கொடுப்பதென்றால், அந்த ஒருத்தரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். இதற்குப் பேர் நம்பிக்கைத் துரோகம், வேறு அழகான பேர் எதுவும் வைக்க வேண்டாம்.

சனிக்கிழமை லால் பாஷா, சொந்தக் காரணங்களுக்காக வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதினால் விசாரணை வேண்டாம், வெளியே தெரியாது என்று மேனேஜர் ஒப்புக்கொண்டார். வேலைதான் போச்சு, மானமாவது மிஞ்சியது என்று நாங்கள் நினைத்தோம். அம்மாவிடம் ஆட்குறைப்பு என்று சொன்னார். ஒரு சின்னப் பட்டறையில் வேலையும் தேடிக்கொண்டார்.

மே மாதம் கார்டுகள் வர ஆரம்பித்தன. முதல் நாள் மூன்று, மறுநாள் பதினேழு, அதற்கடுத்த வாரம் ஒரு கோணிப்பை. காற்றாலைப் படம், பனிமலைப் படம், பூனைக்குட்டிப் படம். பின்னால் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ஓரினச்சேர்க்கையாளர் என்பதற்காக நீங்கள் வேலையை விட்டு நீக்கிய திரு. லால் பாஷாவை உடனே திரும்ப எடுங்கள். பேர் முழுசாக, எழுத்துப் பிசகாமல். எந்த ஊரிலோ உட்கார்ந்து யார் யாரோ நல்ல மனசோடு எழுதியது. அவர்களை எனக்குத் திட்டத் தோன்றவில்லை. பேரைக் கொடுத்த பொன்னப்பாவைத்தான் திட்டத் தோன்றியது.

போஸ்ட் கார்டுக்கு உறை கிடையாதே. தபால்காரர் படித்தார், செக்யூரிட்டி படித்தார், கேன்டீனில் ஒருத்தன் சத்தமாகத் தமிழில் சொல்லிக் காட்டினான். நான் வந்ததையெல்லாம் பீரோவில் போட்டுப் பூட்டினேன், ஆனால் என் கைக்கு வருவதற்கு முன்பே பாதி போய்விட்டது. ஒருத்தன் பூனைக்குட்டி கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் சுக்ரா அம்மா வீட்டு வாசலில் நின்று படித்துக் காட்டிவிட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் அங்கே போனபோது அந்தம்மா துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அழுது முடித்த முகம். மகனைப் பார்க்காமல் சொன்னார்: "இத்தினி நாட்டுக்காரங்களுக்குச் சொல்லியிருக்கிற. எங்கிட்ட சொல்லத் தோணலியேடா உனக்கு."

சொன்னது நானில்லை என்று லால் பாஷா சொல்லியிருக்கலாம், ஆனால் ஒன்பது பக்கம் எழுதியது அவர்தானே. அந்தம்மா மத்தூருக்குப் போய்த் தம்பி வீட்டில் தங்கிவிட்டார். பேச்சு நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு பொன்னப்பா மூக்கண்டப்பள்ளிக்கே வந்தார். கேம்பெய்ன் நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டு, தமிழ்க் கடிதங்களையெல்லாம் கொடு, பத்திரமாக வைக்கிறோம், பிற்காலத்தில் ஆராய்ச்சிக்கு உதவும் என்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். லால் பாஷா என்றைக்கும் போலவே மரியாதையாகப் பேசினார். "அதெல்லாம் போன வெள்ளிக்கிழமையே கொளுத்திட்டனுங்க," என்றார். உண்மைதான். கொளுத்துவதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு வாங்கி, கவரில் போட்டு, ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்: இனி இந்தப் பெட்டிக்கு எழுத வேண்டாம், உங்கள் பேர் இப்போது யாரிடமும் இல்லை. பாரூர்க்காரருக்கு மட்டும் கூடுதலாக, கரும்பை நல்ல விலைக்கு வெட்டுங்கள் என்று எழுதினாராம். தபால் பெட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டார்.

கம்பெனியில் நம்பர் காலியாக இருந்தால் அடுத்து சேருகிறவருக்குக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். ஆகஸ்டில் சேர்ந்த ஒரு ஃபிட்டருக்கு 4127 கொடுத்தேன். மறுநாள் காலை ஷிப்ட் ஆரம்பிப்பதற்குள் அவர் பித்தளை வில்லையோடு ஜன்னலுக்கு வந்துவிட்டார். "சார், வேற நம்பர் குடுங்க. இதைப் போட்டுக்கிட்டா எல்லாரும் ஒரு மாதிரி கூப்பிடறாங்க." மாற்றிக் கொடுத்தேன். அடுத்தவரும் வாங்கவில்லை, அதற்கடுத்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த வில்லையை என் டிராயரில் போட்டுவிட்டேன்.

தொண்ணூற்று ஆறு கடைசியில் ஒரு கல்யாணத்துக்குக் கிருஷ்ணகிரி போனபோது, பழையபேட்டையில் அவர் வேலை செய்யும் பட்டறையைத் தேடிப் போனேன். ஒரு லேத், இரண்டு ஆள். மெலிந்திருந்தார். "வாங்க அண்ணாச்சி" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அம்மாவைப் பற்றிக் கேட்டேன். ரம்ஜானுக்குப் போய் வாசலில் நின்றாராம், உள்ளே கூப்பிடவில்லையாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பிறகு அவர் கைப்பெட்டியைத் திறந்து ஒரு ஏரோகிராமை எடுத்தார். "இங்கிலீஷ் சரியாருக்குதான்னு பாருங்க. என்னைவிட உங்களுக்குத் தெரியும்."

எனக்கு எரிச்சல் வந்தது. "இன்னுமா அந்த மந்திரிக்கு எழுதுறீங்க? உங்களுக்கு ஒருத்தன் எழுதினானா?"

"மந்திரிக்கு இல்லீங்க. அந்த ரெண்டு பேருக்கு. ஜெயில் விலாசம்தான் இருக்குது. உள்ள இருக்காங்களோ, வெளிய வந்தாங்களோ, தெரியல."

வாசித்தேன். நாலே வரி. நான் உங்கள் பேரை அறுபத்து மூன்று கடிதங்களில் எழுதினேன். அதற்கு முன்னால் உங்களைக் கேட்கவில்லை. உங்கள் அம்மாக்களுக்கு என் கடிதங்களால் ஏதாவது தெரிந்திருந்தால் என்னை மன்னியுங்கள்.

"அந்தக் கார்டுங்க வந்தப்பதான் எனக்கு உறைச்சது அண்ணாச்சி," என்றார். "நானும் இதத்தான பண்ணன்? பேரு, ஊரு, எல்லாம் நல்லா அழகா எழுதி. எனக்கு அனுப்பினவங்களும் நல்லவங்கதான், நானும் நல்லவன்தான். அவங்களப் போய் ஒரு வார்த்த கேக்கணும்னு யாருக்கும் தோணல பாருங்க."

அவரை எல்லோருமாகச் சேர்ந்து ஏமாற்றினோம். அந்த மனுஷன் அதைக் கணக்கில் வைக்காமல், தான் யாரையாவது ஏமாற்றியிருப்போமோ என்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியைப் பார்த்தேன். கையெழுத்து இருந்தது. அதன் கீழே 41 என்று எழுதி நின்றிருந்தது.

"முடிக்கலியா பாய்?"

அவர் எட்டிப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். "கை எழுதிடுது. பாதியில ஞாபகம் வந்துடுச்சு, இப்ப அது வேற யாரோடதோன்னு." கைகளைக் கழிவுத்துணியில் துடைத்தபடி கேட்டார்: "யாருக்குங்க குடுத்தீங்க என் நம்பரை?"

ஒரு வருஷத்துக்கு மேலாக என் டிராயரில் கிடக்கிற வில்லை கண் முன்னால் வந்தது.

"சேலத்துப் பக்கம் ஒருத்தருக்குக் குடுத்தேன் பாய், நல்ல வேலைக்காரர்," என்றேன். "இதுவரைக்கும் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனதில்ல."

"சரிங்க," என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி வந்தது. ஏரோகிராமை வாங்கி ஒட்டி, என் கையிலேயே கொடுத்துப் போஸ்ட் பண்ணச் சொன்னார்.

யோசிக்காமல், மூச்சுவிடாமல், எவ்வளவு அழகாகப் பொய் சொன்னேன். அன்றைக்கு அந்தத் திங்கட்கிழமை இதில் பாதி வந்திருந்தால் போதும்.